இடப்பக்கம் மட்டும் திரும்பும் குதிரை

24-11-2024, ஞாயிறு

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. வெண்ணந்தூர் முழுக்கத் தறிகள் நின்றுவிட்டதால், தெய்வநாயகி பேசியதெல்லாம் தெளிவாகக் கேட்டது. நாற்பத்தாறு வருடமாகத் தறிச் சத்தம் இவளிடமிருந்து என்னை எவ்வளவு காப்பாற்றியிருக்கிறது என்பது இன்றுதான் புரிந்தது.

மாலையில் கருப்பனார் கோயில் கூட்டம். பங்குனித் திருவிழாவைப் பற்றி. ஆறு வருடமாகப் போகாதவன் இன்று போனேன். விவரத்தை எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது கதையை மாற்றிச் சொன்னால் இதைக் காட்டலாம்.

சாமி குதிரையின் கயிற்றை இருபத்திரண்டு வருடம் பிடித்தவன் நான். குதிரைமேல் ஆள் ஏறக் கூடாது. கருப்பனாரின் வாளையும் மாலையையும் வைத்து, கோயிலை மூன்று சுற்று வலம் வர வேண்டும். கயிறு பிடித்தவனுக்கு முதல் பரிவட்டம். ஆறு வருடத்துக்கு முன்னால் கண் ஆபரேஷன் செய்துகொண்டு பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். "இந்த ஒரு வருசம் நான் புடிக்கறேன், மச்சான்" என்று வந்து நின்றான் நாச்சிமுத்து. தெய்வநாயகியின் உடன்பிறந்த தம்பி. அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை. அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சில்லை. அவன் தெருவில் நான் கால் வைப்பதும் இல்லை.

அவன் சேலத்து அன்வர் பாட்சாவிடம் கல்யாணக் குதிரையை வாடகைக்குப் பேசிக் கொண்டுவருகிறான். போன வருடம் அது காலில் சலங்கையும் முதுகில் கலர் பல்புமாக வந்து, பேண்டு சத்தத்துக்கு ஆடியது. கருப்பனார் பெண் வீட்டுக்குப் புறப்பட்டது போலிருந்தது. நான் பார்க்கப் போகவில்லை. அந்த வழியாகப் போனேன்.

இன்று கூட்டத்தில் இதைச் சொன்னேன். நாச்சிமுத்து என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான்: "குதிரை கொண்டார்றவங்க கயிறு புடிக்கட்டுங்க. ரோசம் இருக்கறவங்க சொந்தமா ஒண்ணு வாங்கிட்டு வரட்டும்."

சிரித்தார்கள். எழுந்தேன். "சொந்தக் குதிரையோட வாரேன். அது மூணு சுத்துச் சுத்தலீன்னா, அன்னைக்கிருந்து இந்தக் கோயல் வாசல்ல நான் கால் வெக்கல."

ஏன் சொன்னேன்? தெரியவில்லை. சொன்னது சொன்னதுதான்.

25-11-2024, திங்கள்

தறிகள் ஓடுகின்றன. ஆனால் தெய்வநாயகி பேசவில்லை. அத்தனை சத்தமும் வீண்.

4-12-2024, புதன்

ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்தவன் நான். மின் இணைப்பு வேலை, பத்திரம் எழுதுவது, ஹோமியோபதி எல்லாம் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டேன். குதிரை மட்டும் என்ன? ராசிபுரத்தில் பழைய புத்தகக் கடையில் ஒரு குதிரை இலட்சணப் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை, அதனால் பெயரும் இல்லை. எல்லாம் சுழியில் இருக்கிறது. உடம்பில் முடி எங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்தால் போதும், குதிரையின் தலையெழுத்தும் அதை வாங்குகிறவன் தலையெழுத்தும் தெரிந்துவிடும். கழுத்தடியில் தேவமணிச் சுழி இருந்தால் ஆகாத சுழி எது இருந்தாலும் அடங்கிவிடும். பாடைச் சுழி இருந்தால் வீட்டில் சாவு. விலங்குச் சுழி இருந்தால் ஜெயில்.

இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். இந்த ஊரில் யாருக்கு இது தெரியும்?

14-12-2024, சனி

வாங்கிவிட்டேன். நிதானமாக எழுத வேண்டும்.

நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. பெயரை எழுதப் போவதில்லை. சாலை நெடுக அவர்களே எழுதியிருக்கிறார்கள். குதிரையேற்றம் சொல்லித் தருவதாக நான்கு வருடம் பேனரில் குதிரைப் படம் போட்டார்கள். இப்போது பேனரில் ரோபோ நிற்கிறது. அதனால் குதிரைகள் ஏலத்துக்கு வந்தன. ஏல அறிவிப்பில் பழைய பேருந்து இரண்டு, உடைந்த பெஞ்சு நாற்பது, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று, குதிரை மூன்று. எல்லாம் 'உள்ளது உள்ளபடி'. வாங்கிய பிறகு பேச்சில்லை என்பதைப் படித்தவர்கள் இப்படி எழுதுவார்கள்.

பார்வையிட ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். ஒன்று கிழடு, ஒன்று நொண்டி. மூன்றாவது செவலை, ஒன்பது வயது, நெற்றியில் வெள்ளை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சுழியாகப் பார்த்தேன். கழுத்தடியில் தேவமணி! தொட்டுப் பார்த்தேன். அதேதான். பாடை இல்லை, விலங்கு இல்லை.

அன்வர் பாட்சாவும் வந்திருந்தார். அவர் குதிரை பார்த்த இலட்சணத்தைச் சொல்ல வேண்டும். செவலையை ஒரு சுற்றுச் சுற்றினார். முகத்தின் ஒரு பக்கம் நின்று கைக்குட்டையை உதறி வியர்வையைத் துடைத்தார். பிறகு அந்தப் பக்கம் போய் இன்னொரு தரம் உதறித் துடைத்தார். மார்கழி பிறக்கப் போகிறது, இவருக்கு என்ன வியர்வை? பரம்பரைக் குதிரைக்காரராம். இரக்கப்பட்டு அவருக்குத் தேவமணியைக் காட்டி விளக்கினேன். "அப்படீங்களா ஐயா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

ஏலம் இருபத்தைந்தாயிரத்தில் தொடங்கியது. முப்பதைத் தாண்டியதும் நாங்கள் இருவர்தான். அவர் நாற்பத்தொன்று. நான் நாற்பத்திரண்டு. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ, "நாப்பத்தஞ்சு!" என்று கத்திவிட்டேன்.

பள்ளி மேலாளர் குனிந்து, "சார், நாப்பத்திரண்டும் நீங்கதான்" என்றார்.

"தெரியும்" என்றேன். தெரியாது. "சொன்ன சொல்ல மாத்தற ஆள் நானில்ல."

நாற்பத்தைந்தாயிரம் கட்டினேன். என்னை மிஞ்ச அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை.

15-12-2024, ஞாயிறு

மினி லாரியில் வந்து இறங்கியது. தறிகளை விற்ற பிறகு சும்மா கிடந்த கூடத்தில் கட்டினேன். வீரன் என்று பெயர் வைத்தேன். மூன்று தரம் கூப்பிட்டேன், காது அசையவில்லை. தறிக்காலத்திலிருந்து என்னிடம் இருக்கும் சின்னராஜ், கழுத்துப் பட்டையில் எழுதியிருந்ததைப் படித்து "டைமண்டு" என்றான். உடனே திரும்பிப் பார்த்தது. பள்ளிக்கூடப் பழக்கம்.

தெய்வநாயகி வந்தாள். தரையைப் பார்த்தாள்.

"தறி ஓடுன எடத்துல லத்தி. நல்லா முன்னேறியிருக்கறமுங்க."

22-12-2024, ஞாயிறு

முதல் முறையாக வெளியே அழைத்துப் போனேன். வாசலிலிருந்து வலப்பக்கம் போனால் கோயில். திரும்பவில்லை. கைபிரேக் போட்ட லாரி மாதிரி நின்றது. இழுத்தேன், தட்டினேன், வெல்லத்தைக் காட்டினேன். பின்னால் பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். இடப்பக்கம் லேசாக இழுத்தேன் – பூப்போல வந்தது.

இடம் போனால் தண்ணீர்த் தொட்டி. அங்கேயும் இடம்தான் திரும்பியது. அடுத்தது நாச்சிமுத்துவின் தெரு.

ஆறு வருடம் கால் வைக்காத தெரு! நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. தெருவின் வலப்பக்கம் அவன் வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தான். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அவன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டான். ரேஷன் கடை முனையில் மறுபடி இடம், பிறகு இன்னோர் இடம், வீடு.

நான்கு திருப்பம். நான்கும் இடம்.

23-12-2024, திங்கள்

அதே நான்கு.

2-1-2025, வியாழன்

பள்ளியில் பிள்ளைகளை ஏற்றி மைதானத்தை இடப்பக்கமாகவே சுற்றியிருக்கிறார்கள். நான்கு வருடம்! புத்தாண்டு வாழ்த்துச் சொல்வது போலப் பள்ளிக்குப் போன் செய்து விசாரித்ததில் தெரிந்தது. வலப்பக்கம் ஏன் சுற்றவில்லை என்றேன். "சிலபஸ்ல இல்ல சார்" என்றார் மேலாளர்.

கோயிலை வலம் வருவதென்றால் திருப்பம் எல்லாம் வலப்பக்கம். இது இடப்பக்கம் சுற்றினால் சாமியை அப்பிரதட்சணமாக இழுத்துப் போனவன் என்ற பெயர் ஏழு தலைமுறைக்கு நிற்கும்.

சின்னராஜ் ஒரு யோசனை சொன்னான். "ஏனுங்க, ஒரே எடத்துல மூணு தடவ எடப்பக்கமா திருப்புனா, ஒருக்கா வலப்பக்கம் திரும்புனாப்ல ஆயிருமில்லீங்களா?" கணக்குச் சரிதான். மூன்று சுற்றுக்குப் பன்னிரண்டு முனை, முனைக்கு மூன்று, ஆக முப்பத்தாறு. கருப்பனாருக்குத் தலை சுற்றும். கோயிலில் பம்பரம் விடக் கூடாது என்று சொல்லி அவனை அனுப்பினேன்.

18-1-2025, சனி

பொங்கலுக்கு யார் வீட்டுக்கும் போகவில்லை. ஆனால் தினமும் காலையில் அந்தத் தெரு. நாச்சிமுத்துவின் மருமகள் ரஞ்சனி வாசலில் வெல்லத்தோடு நிற்கிறாள். அவள் என்னோடு பேசாமலிருக்கக் காரணம் இல்லை. நானும் அவளைத் திட்டக் காரணம் இல்லை. இன்று அவள் வலப்பக்கத்திலிருந்து கையை நீட்டியதும் குதிரை துள்ளி விலகியது. என் கால் அதன் குளம்புக்குக் கீழே.

வலி. எழுத முடியவில்லை.

19-1-2025, ஞாயிறு

கால் வீங்கியிருக்கிறது. ஆர்னிகா சாப்பிட்டேன். தெய்வநாயகி மஞ்சள் பற்றுப் போட்டாள். நான் கேட்கவில்லை.

"ஊர்ல அத்தன தெரு இருக்குது. அந்தத் தெருவுக்கேதான் உங்க குதிர போகுது" என்றாள். முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். குதிரை வந்த நாளிலிருந்து இன்றுதான் இவள் முகத்தில் இப்படி ஒன்றைப் பார்க்கிறேன்.

3-2-2025, திங்கள்

இப்போது ரஞ்சனி நிற்பதில்லை. நாச்சிமுத்துவே வெல்லத்தோடு நிற்கிறான். வலப்பக்கம் வந்து முதலில் "டைமண்டு... டைமண்டு..." என்று குரல் கொடுக்கிறான், பிறகு கழுத்தில் கை வைக்கிறான், அதன் பிறகுதான் வெல்லம். குதிரை துள்ளவில்லை. நான் இடப்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மின்கம்பியில் காக்கை எண்ணுகிறேன்.

பதினொன்று.

11-2-2025, செவ்வாய்

இன்று பேசினான். என்னோடு அல்ல, குதிரையோடு.

"டைமண்டு, உங்கய்யாகிட்டச் சொல்லு சாமி, உனக்குச் சோத்தாங்கைப் பக்கம் கண்ணு தெரியலீன்னு."

நானும் குதிரையிடமே சொன்னேன். "டைமண்ட், தேவமணி இருக்கற குதிரைக்கு ஒரு குறையும் வராதுன்னு பொறாம புடிச்ச ஆளுககிட்டச் சொல்லு."

"டைமண்டு, சுழி கழுத்துல இருக்குது, கண்ணு மூஞ்சில இருக்குதுன்னு சொல்லு."

குதிரை வெல்லம் தின்றுகொண்டிருந்தது. விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே நாள், மதியம்

வலக்கண்ணுக்கு நேரே துண்டை ஆட்டினேன். இமைக்கவில்லை.

12-2-2025, புதன்

மறுபடி ஆட்டினேன். அந்த அன்வர் பாட்சா கைக்குட்டையை எதற்கு இரண்டு பக்கமும் உதறினார் என்று இப்போது தெரிகிறது. அன்று தலை முதல் வால் வரை ஒரு மணி நேரம் பார்த்தேன். கண்ணை மட்டும் பார்க்கவில்லை. புத்தகத்தில் கண்ணைப் பற்றி ஒரு அத்தியாயம் இருந்திருக்கலாம். நடுவில் பத்துப் பக்கம் கிழிந்திருந்தது. இல்லை, புத்தகத்தைக் குறை சொல்லக் கூடாது. கிழிந்த புத்தகம் என்று தெரிந்துதான் வாங்கினேன். அதுவும் உள்ளது உள்ளபடி.

ஏலத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன். நான் கடைசிவரை அன்வர் பாட்சாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை, குதிரையைப் பார்த்தார். அவர் நிறுத்திய இடத்தில்தான் அதன் விலை இருந்தது. அதற்கு மேல் நான் கொடுத்ததெல்லாம் அவர் சிரிப்புக்கு.

இனி என்ன? கண் தெரியாத குதிரையைத் திருப்பிக் கொடுக்கலாமா? வாங்க மாட்டார்கள். விற்கலாமா? யாருக்கு, என்ன சொல்லி? பள்ளி என்னிடம் மறைத்ததை நான் இன்னொருவனிடம் மறைப்பதா? ச்சீ.

திருவிழாவுக்கு ஆறு வாரம். கருப்பனாரின் வாசலுக்கு என் அப்பா என்னைத் தோளில் தூக்கிப் போன வயதிலிருந்து போகிறேன். மார்ச் இருபத்தெட்டுக்குப் பிறகு போக முடியாதா? நானே வாயால் கெட்டேனா?

9-3-2025, ஞாயிறு

அன்வர் பாட்சாவை வரச் சொல்லியிருந்தேன். நோன்பு மாதம், கல்யாணம் இல்லை, குதிரைகள் சும்மா நிற்கின்றனவாம், வந்தார். தண்ணீர்கூடக் குடிக்காத மனிதரிடம் சண்டை போடுவது எப்படி? இருந்தாலும் போட்டேன்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, பாய்?"

"நீங்க கேக்கலீங்களே ஐயா. நீங்க எனக்குச் சுழிப்பாடம் எடுத்தீங்க. வாத்தியாருக்கு நான் என்னத்தச் சொல்றது?"

அவர் குதிரையைச் சுற்றிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், குளம்பைத் தட்டினார். "கண்ணு ஒண்ணு போனா என்னங்க? நல்ல குணம். பேண்டு வாசிச்சாலும் நிக்கும், வெடி போட்டாலும் நிக்கும். எனக்கு நாப்பத்தொண்ணுக்கு வந்திருந்தா லாபந்தான்."

வலப்பக்கம் திருப்ப வழி கேட்டேன். தெரியாத பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர் கழுத்தில் கைவைத்துப் பேசிக்கொண்டே நடக்க வேண்டுமாம். குதிரை அந்தக் கையை நம்பித் திரும்புமாம்.

புறப்படும்போது, "இந்த வருசம் எங்குதிர வேண்டாம்னு உங்க மச்சினரு போன மாசமே சொல்லிட்டாருங்க" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டானா? மாற்றுக் குதிரை இல்லாமல் செய்து, நான் கவிழ்வதை முழுசாகப் பார்க்கத் திட்டம். அவன் புத்தி எனக்குத் தெரியாதா?

17-3-2025, திங்கள்

சின்னராஜை வலப்பக்கம் நிறுத்திப் பார்த்தேன். பயத்தில் அவன் கை நடுங்கியது. குதிரைக்கும் நடுக்கம் தொற்றியது. இருவரும் சேர்ந்து இடப்பக்கம் போனார்கள்.

21-3-2025, வெள்ளி

தெய்வநாயகியை நிறுத்திப் பார்த்தேன். குதிரை ஓரடி எடுத்து வைத்தது, நின்றது.

"அதுக்கு அந்தப் பக்கம் பழகுன கை ஒண்ணுதானுங்க. யாரு கைன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியாது" என்றேன்.

"தெரியாட்டிப் போங்க. மனுசன் ஒருத்தரு எடப்பக்கமே திரும்பறவரு, குதிரையும் அப்படியே. ரெண்டுக்கும் தீனி போடறதுக்கு நானொருத்தி."

25-3-2025, செவ்வாய்

போய்க் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

28-3-2025, வெள்ளி

மாலை நான்கு மணிக்குக் குதிரை புறப்பட்டது. வீட்டிலிருந்து கோயிலுக்கு வலப்பக்கம் போக முடியாததால் நாச்சிமுத்துவின் தெரு வழியாகவே சுற்றிக்கொண்டு போனோம். அவன் வாசலில் இல்லை. வெறும் நாற்காலிதான் கிடந்தது. குதிரை வழக்கம்போல நின்றது. நானும் நின்றேன். பிறகு போனோம்.

பூசாரி முதுகில் வாளும் மாலையும் வைத்தார். பம்பை முழங்கியது. கூட்டம் விலகியது. முதல் முனை வரை நேராக வந்தது. அங்கே நின்றுவிட்டது.

இழுத்தேன். பேசினேன். வெல்லம், தட்டு, கெஞ்சல். பம்பைக்காரர்கள் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக் கை சலித்தார்கள். கூட்டத்தில் ஒருத்தி, "சாமிக்குக் கோவமுங்க, வரமாட்டேங்குது" என்றாள். இன்னொருவன், "டீசல் இருக்குதான்னு பாருங்க" என்றான். சிரிப்பு. முதுகில் வியர்வை. கருப்பனாரின் கல் முகத்தைப் பார்த்தேன், உதவி செய்கிற முகமாகத் தெரியவில்லை. இதுதான் கடைசி, நாளையிலிருந்து இந்த வாசல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தின் முன்வரிசையில் நாச்சிமுத்து. கையில் வெல்லம். சிரிக்கவில்லை. வரவும் இல்லை. கூப்பிடாமல் வர மாட்டான், ராஸ்கல். அக்காவோடு பிறந்தவன்தானே.

குதிரையின் காதில் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்: "டைமண்ட், அந்த ஆளக் கூப்புடு."

வந்தான். வலப்பக்கம் போய், "டைமண்டு... வா சாமி" என்று கழுத்தில் கை வைத்தான். குதிரை அவன் கையோடு திரும்பியது. அவ்வளவுதான். மூன்று சுற்று, பன்னிரண்டு முனை. நான் வெளிப்பக்கம் கயிற்றோடு, அவன் சாமி பக்கம் வெறுங்கையோடு. நடுவில் குதிரை. அதன் முதுகுக்கு மேலே ஒருவர் மூச்சு இன்னொருவருக்குக் கேட்டது. அவனுக்கும் இரைக்கிறது. அறுபத்தாறு வயதாகிவிட்டது.

பூசாரி பரிவட்டத்தை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குதிர கொண்டாந்தவருக்குக் கட்டுங்க" என்றான் நாச்சிமுத்து.

திருப்பினவனுக்குக் கட்டுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லும் ஆள் நான் இல்லை. தலையைக் குனிந்தேன், கட்டிக்கொண்டேன்.

29-3-2025, சனி

மதியம் நாச்சிமுத்து சாப்பிட வந்தான். நான் அழைக்கவில்லை, குதிரைக்குப் புல் கொண்டுவந்தவனுக்கு, நேரமாகிவிட்டது என்று தெய்வநாயகி இலை போட்டுவிட்டாள். எங்கள் விஷயம் எதுவும் பேசவில்லை. குதிரையைப் பற்றி மட்டும் பேசினோம். மூன்று மணி நேரம்.

போகும்போது கேட்டான்: "மச்சான், நாப்பத்திரண்டு நீங்க கேட்டிருந்தும் அப்பறம் நாப்பத்தஞ்சு கேட்டீங்கன்னு பாய் சொல்றாரே, நெசமுங்களா?"

"பொய்" என்றேன்.

தெய்வநாயகி உள்ளே பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

16-6-2025, திங்கள்

இரண்டு வாரமாக டைமண்ட் வலப்பக்கமும் திரும்புகிறது. கையை விட்டு, குரலை மட்டும் கொடுத்துப் பழக்கினோம். இன்று நான் தனியாகப் பார்த்தேன்: வாசலில் கயிற்றை லேசாக வலமாக இழுத்ததும் தயங்கித் தயங்கித் திரும்பி, நேராகக் கோயில் தெருவைப் பார்த்து நின்றது.

மறுபடி இடப்பக்கம் திருப்பி, தண்ணீர்த் தொட்டி வழியாகவே அழைத்துப் போனேன். குதிரைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டால் அதை மாற்றக் கூடாது. அந்தத் தெருவில் வழக்கம்போல நின்றது.

நாற்காலி இப்போது இரண்டு கிடக்கிறது.